தவிட்டுச் சர்க்கரை டீச்சர்

பீங்கான் கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் நீலத் தீயில் காட்டிக்கொண்டு, டோரதி டீச்சர் மூச்சை அடக்கி நிற்கிறார். கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அதன்மேல் நாலைந்து சொட்டு நைட்ரிக் அமிலம். புகை எழும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஈரம் வற்றப்போகிற தறுவாயில் ஒரு சீசாவிலிருந்து அம்மோனியா, இன்னொன்றிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் கரைத்த நீர், மறுபடியும் தீ. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கிண்ணத்தின் விளிம்பில் மெல்லிய கோடாக ஒரு சிவப்பு தோன்றி, உள்ளே வழிந்து, பன்னீர் ரோஜாவின் நிறத்தில் பரவி நிற்கிறது.

"வந்துட்டியா? வா" என்கிறார் டீச்சர்.

நோட்டில் தேதி போட்டு, 'ரோஜா நிறம் - உண்டு' என்று எழுதி, முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார். பிறகு எழுந்து அதே ஜாடியிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறார். ஒரு ஜாடிக்கு ஒரு சோதனை போதும். ஏன் இரண்டு என்று கேட்டால், "முதல் தடவை சரக்குக்கு, ரெண்டாம் தடவை என் கையெழுத்துக்கு" என்பார்.

தியாகராய நகரில், பாண்டி பஜாரின் இரைச்சல் கேட்டும் கேட்காத தூரத்தில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுதான் இந்தத் தொழிற்சாலை. முன்கட்டில் முதலாளி சிதம்பரநாதன் குடியிருக்கிறார். முற்றத்தில் நான்கு மரத்தொட்டிகள். செங்குன்றத்து ஆலைகளிலிருந்து வரும் தவிட்டை லேசான அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, காடாத் துணியில் வடிகட்டி, வடிந்த நீரில் சுண்ணாம்புப் பால் விடுவார்கள். சோற்றுக் கஞ்சி உறைந்ததுபோல வெள்ளையாக ஒன்று அடியில் தங்கும். அதுதான் பைட்டின். பலகாலமாக டானிக்குகளில் சேருவது அது. அதையே இரும்புக் கலத்தில் அடைத்து நீராவியின் அழுத்தத்தில் ஒரு பகல் முழுக்க வேகவைத்து, திரும்ப வடிகட்டி, பாகாகச் சுண்டவைத்து, ஸ்பிரிட் விட்டு ஆறவிட்டால், மறுநாள் காலையில் பாத்திரத்தின் சுவரெல்லாம் படிகம் பூத்திருக்கும். அதற்குப் பெயர் இனோசிடால். தொழிற்சாலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தவிட்டுச் சர்க்கரை என்பார்கள்.

பத்து மூட்டைத் தவிட்டுக்கு ஒரு ஊறுகாய் ஜாடி அளவு கிடைத்தால் அது நல்ல நாள். தொட்டி கிளறும் அங்காளம்மாளுக்கு இது தாங்குவதேயில்லை. "ஒரு வண்டித் தவிட்டைத் தின்னுட்டு ஒரு கை சக்கரை குடுக்கிறியே, நீயெல்லாம் இன்னா மாடு?" என்று தொட்டியைப் பார்த்துத் தினமும் கேட்பாள். ஊரெல்லாம் ரேஷன் கடையில் நிற்கிற காலத்தில், மாட்டுக்காவது போயிருக்க வேண்டிய தவிடு இப்படிப் போகிறதே என்ற ஆதங்கம் அவளுக்கு.

டீச்சர் ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு துளி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சர்க்கரையில் பாதித் தித்திப்பு. இல்லை, அதிலும் கொஞ்சம் குறைவு. சர்க்கரை என்று பெயரே தவிர, ரசாயனக்காரர்கள் சர்க்கரையைக் கண்டுபிடிக்க வைக்கும் சோதனை எதற்கும் இது பிடிகொடுக்காது. புளிக்காது, கருகாது, இருநூறு டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். வைட்டமின்களோடு சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு. உடம்பே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும்போது அதை எப்படி வைட்டமின் என்பது என்று கேட்கிறவர்களும் உண்டு. "ரெண்டும்கெட்டான்" என்பார் டீச்சர், கொஞ்சம் பரிவோடுதான்.

வாங்குகிறவர்கள் அதிகம் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் ரொட்டிக் கடைகளுக்கு ஈஸ்ட் வளர்த்துக் கொடுக்கும் பவுல்சாமி மாதம் ஒரு பொட்டலம் வாங்கிப்போவார். சில ஜாதி ஈஸ்ட் இது இல்லாவிட்டால் பட்டினி கிடந்து வளராமல் நின்றுவிடுமாம். கிருமி ஆராய்ச்சி செய்கிறவர்கள் சிறு சீசாக்களில் கேட்பார்கள். கல்லீரலில் கொழுப்பு தங்கினவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சில டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள். சண்டைக் காலத்தில் ராணுவத்திலிருந்து ஒருவர் வந்து, இதை வைத்து வெடிமருந்து பண்ணலாமாமே என்று விசாரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. "ரொட்டிக்காரனுக்கும் வேணும், பட்டாளத்தானுக்கும் வேணும். அது பாட்டுக்கு ஜாடியிலே சாதுவா உக்காந்திருக்கு" என்று டீச்சர் அப்போது சொன்னதை முதலாளி இன்னமும் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

டீச்சர் என்பது பழைய உத்தியோகம். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். தகப்பனார் வேதநாயகம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். டோரதி ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு பெண்கள் பள்ளியில் பதினாலு வருஷம் விஞ்ஞானப் பாடம் எடுத்தார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டினபோது பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். சீமை டானிக் வருவது நின்றுபோன சமயம் அது. உள்ளூரிலேயே பைட்டின் எடுக்கலாம் என்று கிளம்பிய சிதம்பரநாதனுக்கு, அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. பள்ளி திரும்பத் திறந்தபோது அங்கே வேறொருவர் இருந்தார். "அதுக்கென்ன, ஆகட்டும்" என்று டீச்சர் இங்கேயே இருந்துவிட்டார்.

அந்த 'அதுக்கென்ன, ஆகட்டும்' அவருடைய வாயில் நாளுக்கு இருபது தடவை வரும். தவிடு வரவில்லை என்றாலும் அதுதான், காடாத் துணி கிழிந்தாலும் அதுதான். மதுவிலக்கு வந்த பிறகு ஸ்பிரிட் சீசாவைப் பூட்டிவைத்து, சொட்டுச் சொட்டாகக் கணக்கெழுதி, அதிகாரி வந்தால் காட்ட வேண்டும் என்று முதலாளி வந்து சொன்னபோதும் அதேதான்.

நைட்ரிக் அமிலம் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகள் மஞ்சளாகிவிட்டன. சோப்புப் போட்டாலும் போகாது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரியாதவர்கள் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மஞ்சள் அரைச்சீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றுவிடுவார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே தம்பி, ஆம்ப்ரோஸ். தந்தி ஆபீசில் இருந்தான். நாற்பத்தேழில் அவனுக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளானது. கல்லீரல் என்றார்கள். அக்காள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெரிந்த டாக்டர், "உங்க சரக்கையே கொடுத்துப் பாருங்களேன். சில இடத்திலே குணம் தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. பார்க்கலாம்" என்றார். முதலாளி மறுபேச்சில்லாமல் ஒரு ஜாடியை எடுத்துக் கொடுத்துவிட்டார். எட்டு மாதம், நாளுக்கு மூன்று வேளை, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். ஆம்ப்ரோஸ் குடித்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு உன் சர்க்கரை ஒரு தூக்கல்" என்பான். தினமும் ஒரே எடை போட்டுக் கரைத்த மருந்து அது. அக்காளைச் சிரிக்கவைக்கச் சொல்வான்.

நாற்பத்தெட்டு தவக்காலத்தில் ஆம்ப்ரோஸ் போய்விட்டான். அந்த டாக்டரைப் பற்றி யாராவது குறை சொன்னால் டீச்சர் விடமாட்டார். "அவர் பார்க்கலாம்னுதான் சொன்னார். பிழைப்பான்னு நான்தான் கூட்டிக் கேட்டுட்டேன்" என்பார்.

அதற்கு அடுத்த வருஷம் தை மாதம் சிதம்பரநாதன் ஒரு பத்திரிகைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் வெளிச்சம். அமெரிக்காவில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி. இந்தச் சத்து அறவே இல்லாத தீனியைப் போட்டதில் எலிகளுக்கு முடி கொட்டிப்போயிற்று. இனோசிடாலைச் சேர்த்ததும் திரும்ப முளைத்தது.

"டீச்சர், இத்தனை வருஷமா நாம கையிலே வெண்ணெயை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்! ஈஸ்ட்டுக்காரன் வாங்கற பொட்டலத்தை வச்சு என்ன பண்றது? கூந்தலுக்குன்னு போடுங்க. பட்டணத்திலே தலையில்லாத பொம்பளை உண்டா?"

அன்று டீச்சர் ஆம்ப்ரோஸின் வருஷப் பூசைக்குப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. முதலாளி நீட்டிய சோதனைத் தாளில், சரக்கு சுத்தமானது என்றுதான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து அச்சாகி வந்த லேபிளில், நீண்ட பின்னலோடு ஒரு பெண் சாய்ந்து நின்றாள். 'கூந்தலமுதம். உதிர்ந்த முடியை மீட்டுத் தரும் நவீன வைட்டமின். உள்ளுக்குச் சாப்பிடுவது.' அதற்குக் கீழே, 'சோதித்தவர்: மிஸ் டோரதி வேதநாயகம், பி.ஏ., எல்.டி.'

டீச்சர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். முன்கட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று தோன்றியது. எழுந்து போக வேண்டிய தூரத்தை நினைத்தபோது கால் வலித்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று லேபிளை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அந்த நாளை வருவதற்குள் பங்குனி வந்துவிட்டது. ஜைதூன் பீயும் வந்துவிட்டாள்.

மீர்சாகிப்பேட்டையில் துணிக்குப் பூவேலை செய்து பிழைக்கிறவள் அவள். கறுப்புத் துப்பட்டிக்குள்ளிருந்து இரண்டு காலிப் பாட்டில்களை எடுத்துச் சோதனை மேஜைமேல் வைத்தாள். முன்கட்டில் யாரும் இல்லாததால் நேரே உள்ளே வந்துவிட்டதாகச் சொன்னாள்.

"இதுல டோரதின்னு ஒரு பேரு போட்டுக்கீதே. அது யாரும்மா?"

"நான்தான்."

"நீயா?" ஜைதூன் பீ முக்காட்டை விலக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் பொண்ணு நஸ்ருன்னிசா தமிழு படிப்பா. அவதான் படிச்சுச் சொன்னா, பொம்பளை பேரு போட்டுக்கீதும்மான்னு. அதான் நம்பி வாங்கினேன். ஆம்பளை பேரா இருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

டீச்சர் முக்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொண்டார். மார்கழியில் நஸ்ருன்னிசாவுக்கு டைபாய்டு. ஜுரம் விட்டுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, சோறு தின்ன ஆரம்பித்த பிறகு, முடி கொட்டத் தொடங்கியது. ரம்ஜான் கழிந்தால் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருநாள் வந்து, பின்னல் எங்கே என்று கேட்காமலே முக்காட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேசிக்கொண்டே ஜைதூன் பீ மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே சுருள் சுருளாக முடி. எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.

"உதிர்ந்ததை ஒண்ணு விடாம எடுத்து வச்சுக்கீறேன். பாரு, எம்மாம் முடி! ரெண்டு பாட்டில் குடுத்துட்டேன், இன்னும் ஒண்ணும் காணோம். இன்னும் எத்தினி பாட்டில் குடுக்கணும்? நீயே சொல்லு."

டீச்சர் அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னார்.

"குடுக்க வேணாம்மா. இது எலிக்குப் பார்த்தது. இந்தச் சத்தே இல்லாத தீனியைப் போட்டு, முடி கொட்ட வச்சு, அப்புறம் இதைக் குடுத்தாங்க. வளர்ந்துது. உங்க பொண்ணு பருப்பு சாப்பிடுது, கறி சாப்பிடுது. அதிலே எல்லாம் இது இருக்கு. போதாததை உடம்பே பண்ணிக்கும். பாட்டில்லே குடுத்து ஆகறது ஒண்ணுமில்லே."

"அப்ப முடி?"

"ஜுரத்துலே கொட்டின முடி. தானா வரும். நாலஞ்சு மாசம் ஆகும். முட்டை குடுங்க, மீன் குடுங்க. தலையைப் போட்டு இழுத்துப் பின்னாதீங்க."

ஜைதூன் பீ மூட்டையைத் திரும்பக் கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப உம் பேரு எதுக்கு இதுல கீது?"

"சரக்கு சுத்தம்னு கையெழுத்துப் போட்டேன்."

"சுத்தம்னா? பச்சத் தண்ணிகூட சுத்தந்தான். அதை எவளாவது பாட்டில்ல ஊத்தி விப்பாளா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோல இருந்தது. ஜைதூன் பீ எழுந்து போனாள். சற்றுப் பொறுத்து டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, முன்கட்டில் முதலாளி அவளிடம் புன்சிரிப்போடு பேசிக்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டும்போது அவளுடைய துப்பட்டிக்குள் புதிதாக இரண்டு பாட்டில்கள் இருந்தன. முட்டையும் கொடுப்போம், இதையும் கொடுப்போம் என்று நினைத்திருப்பாள். டீச்சருக்கு அவள்மேல் வருத்தம் வரவில்லை. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சாந்தோமுக்குப் போனவர்தானே அவரும்.

அன்று சாயங்காலம், கால் வலியோடு, முன்கட்டுக்குப் போனார்.

"என் பேரை எடுத்துடுங்க."

சிதம்பரநாதன் கெட்டவர் அல்ல. அங்காளம்மாளின் பிரசவத்துக்குத் தன் வீட்டு வண்டியை அனுப்பியவர். ஆம்ப்ரோஸை எடுத்துக்கொண்டு போனபோது கல்லறை வரைக்கும் வெயிலில் நடந்து வந்தவர். அவருக்கு இது விளங்கவேயில்லை.

"எலிக்கு வளர்ந்துதா இல்லியா, டீச்சர்?"

"வளர்ந்துது."

"அப்ப நான் பொய் சொல்லலியே."

"எலிக்குன்னு போட்டுடுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எலி படம் போட்ட பாட்டிலை எவ வாங்குவா?" பிறகு, டீச்சர் சிரிக்கவில்லை என்று கண்டு, குரலைத் தாழ்த்தினார். "எட்டுக் குடும்பம் இதுல சாப்பிடுது. இந்த ஒரு மாசமாத்தான் சிரமமில்லாம ஓடுது. ஐயாயிரம் லேபிள் அச்சடிச்சு வச்சாச்சு. அது தீரட்டும். அடுத்த அச்சுல உங்க பேர் இருக்காது. சரிதானே?"

டீச்சர் வாயைத் திறந்தார். "அதுக்கென்ன" என்றுதான் வந்தது. மீதியை விழுங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. லேபிள் கட்டுகள் சோதனைச்சாலைக்குப் போகிற வழியில் சுவரோரம் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. தினமும் காலையில் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. குறையக் குறைய நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். குறைகிற ஒவ்வொரு கட்டும் எங்கோ ஒரு வீட்டு அலமாரிக்குப் போயிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். இடம் காலியானால் தெரிவிக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவர் ஒரு நிமிஷம் தாமதித்துத்தான் எழுந்தார். முழங்கால்தான் காரணம் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ரம்ஜான் கழிந்த மறுவாரம், முற்பகல் வேளையில், அங்காளம்மாள் கை நிறையத் தவிட்டோடு ஓடிவந்தாள். "டீச்சர், மொதலாளி கூப்பிடறாரு. அந்த சாயபு வூட்டம்மா வந்துகீது. பொண்ணையும் இட்டாந்துகீது!"

முன்கட்டுக் கூடத்தில் ஜைதூன் பீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, கையில் மருதாணி. தாய் மகளின் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். தலை முழுக்க இரண்டு விரற்கடை உயரத்துக்கு முடி, கறுகறுவென்று, புதிதாக முளைத்த பயிர்போல நெருக்கமாக நின்றது.

"பாத்தியா டீச்சரம்மா? நீ சொன்னது தப்பு" என்றாள் ஜைதூன் பீ. முகமெல்லாம் சந்தோஷம். "உன் மருந்து நல்ல மருந்து. நீதான் அதை நம்பலே."

சிதம்பரநாதன் மேஜைக்குப் பின்னால் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். போட்டோ பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். பெண்பிள்ளையைப் படம் பிடிக்க முடியாது என்று தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் ஒரு கடிதத்தில் கைநாட்டு வைத்துத் தருவதாகச் சம்மதித்திருந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தவள். கேட்டதைக் கொடுக்காமல் போவாளா?

பெண் தண்ணீர் கேட்டாள். டீச்சர் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தார். நஸ்ருன்னிசா குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அந்த மருந்தை நான் ஒரே ஒரு நாள்தான் குடிச்சேன். தவிட்டு வாசனை. கொமட்டிக்கினு வந்துச்சு. எம் தம்பிங்க ரெண்டு பேரும் தித்திப்பா கீதுன்னு எல்லாத்தையும் குடிச்சுட்டானுங்க. நாலு பாட்டிலும் அவனுங்கதான்." அவள் கண்ணில் பயமும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன. "அம்மாவாண்ட சொல்லிடாதீங்க. கல்யாண வூடு. ஊரெல்லாம் மருந்தாலேன்னு சொல்லிக்கினு திரியுது."

டீச்சருக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு புரண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பிங்களுக்கு முடி எப்படி இருக்கு?"

"அவனுங்களுக்கா? நாகூர் போயி மொட்டை போட்டாச்சு."

இரண்டு பேரும் சத்தம் வெளியே கேட்காமல் சிரித்தார்கள். பிறகு டீச்சர் கையை நீட்டி, கேட்காமலே, அந்தத் தலையைத் தடவிப் பார்த்தார். வேரில் உறுதி இருந்தது. நல்ல முடி. இன்னும் ஒரு வருஷத்தில் பின்னலாம்.

"யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

கூடத்துக்குத் திரும்பியபோது சிதம்பரநாதன் கடிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் மைப் பெட்டி திறந்திருந்தது. "...என் அருமை மகளின் கூந்தல் முற்றிலும் உதிர்ந்து, நாங்கள் நம்பிக்கை இழந்து, கண்ணீரில் ஆழ்ந்திருந்த வேளையில், தெய்வாதீனமாகத் தங்களுடைய கூந்தலமுதத்தை உபயோகிக்க நேர்ந்து, நான்கே பாட்டில்களில்..."

"கண்ணீருன்னு கரீக்டா போட்டுகீறாரு" என்று ஜைதூன் பீ மகளிடம் மெச்சிக்கொண்டாள்.

"கீழே சாட்சின்னு டீச்சர் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும்" என்றார் முதலாளி, பேனாவைத் திறந்து மேஜைமேல் வைத்தபடி. "பத்திரிகையிலே அரைப் பக்கம் போடறோம். அடுத்த வாரமே லேபிள் புதுசா இன்னொரு பத்தாயிரம்."

டீச்சர் நஸ்ருன்னிசாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மருதாணியைப் பார்த்தாள். அவளைக் காட்டிக்கொடுக்காமல் இந்தக் காகிதத்தை நிறுத்த ஒரு வார்த்தை உண்டா என்று டீச்சர் தேடினார். பதினாலு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த வாயில் ஒன்றும் அகப்படவில்லை. எங்கோ ராயப்பேட்டையிலோ மாம்பலத்திலோ இன்னொருத்தி, உதிர்ந்ததை ஒன்று விடாமல் துணியில் முடிந்து வைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் யாராவது இதைப் படித்துச் சொல்வார்கள்.

ஜைதூன் பீ இடது கைக் கட்டைவிரலை மைப் பெட்டியில் அழுத்தி எடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று முதலாளி விரலால் காட்டினார். அவள் குனிந்தாள்.

விரல் காகிதத்தைத் தொடுவதற்குள் டீச்சர் எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் வெள்ளைச் சேலையின் முந்தானையை எடுத்து, அந்தக் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்து, ரேகைக்குள் இறங்கியிருந்த மையையும் நகக்கண்ணில் தங்கியிருந்த மையையும், கொஞ்சமும் அவசரப்படாமல், துடைக்க ஆரம்பித்தார்.